குற்றவாளிப் பெட்டியில் கிடந்த பச்சை

புதிதாக ஆய்வுகூட வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் கையில் முதன்முதலாகச் சதை சீவும் மைக்ரோடோம் இயந்திரத்தைக் கொடுக்கும்போது ஒன்றைத்தான் சொல்வார்கள்: மெல்லியதாக வெட்டு. மெழுகில் புதைத்த சதைத்துண்டை எவ்வளவு மெல்லியதாகச் சீவுகிறாயோ அவ்வளவு கெட்டிக்காரன். நானும் அப்படித்தான் படித்தேன். பிறகு வந்தவர்களுக்கும் அப்படித்தான் படிப்பித்தேன். அந்தக் கெட்டித்தனத்தால் ஒரு மனிதரை நான் ஏறக்குறையக் கொன்றே விட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுத உட்கார்ந்ததிலிருந்து இரண்டு தடவை எழும்பி நடந்துவிட்டு வந்தாயிற்று. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் என்னால் ஓர் இடத்தில் இருக்க முடிவதில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி. மாத்தளை மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், பிழை என்னுடையது, கட்டடத்துக்கு ஏன் கெட்ட பெயர்? ஆய்வுகூடத்தில் நான் ஒருவன்தான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்று கழித்து ஒதுக்கிய பழைய மைக்ரோடோம் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. அதன் சில்லு சுற்றும்போது போடும் சத்தத்தைக் கேட்டாலே கத்தி எந்த மனநிலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மைக்ரோன் என்றால் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; மற்றவர்கள் ஐந்து மைக்ரோன் வெட்டினால் நான் மூன்று வெட்டுவேன். சீவலைக் கண்ணாடியில் ஒட்டிய பிறகு அது இருக்கிறதா இல்லையா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கண்டியிலிருந்து வியாழக்கிழமைதோறும் ஒரு நோயியல் டொக்டர் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். நான் செய்து வைத்த ஸ்லைட்டுகளைப் பார்த்து அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஸ்லைட்டைத் தூக்கி யன்னல் பக்கம் பிடித்து, "தம்பி, இது வெட்டினதோ, ஊதினதோ?" என்பார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு ஒரு கிழமைக்கு வயிறு நிறைந்துவிடும். அவ்வளவு பெருமைக்காரன் நான்.

பெருமை சும்மா இருக்குமா? என் மேசை லாச்சியில் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தேன். அதற்குக் குற்றவாளிப் பெட்டி என்று பெயர். தடித்த சீவல், மடிந்த சீவல், கத்தித் தழும்பு விழுந்த சீவல் என்று கெட்ட வேலைகளை எல்லாம் சாயம் போட்டு, ஸ்லைட்டாக்கி அதில் அடுக்கி வைத்திருப்பேன். பயிற்சிக்கு யாராவது வந்தால் முதல் நாளே அந்தப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டிப் பயமுறுத்துவது என் வழக்கம். ஒவ்வொன்றிலும் ஒரு திட்டு எழுதி ஒட்டியிருக்கும்.

நோயைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் உங்களுக்கு விளங்காது. அமைலாய்ட் என்ற பெயரை நான் முதலில் கேட்டது பிரேத அறையில். பல்லேகமப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். பல வருடங்களாகச் சுவாசப்பையில் சீழ். சாகும்போது கால், வயிறு, முகம் எல்லாம் வீங்கியிருந்தது. டொக்டர் மண்ணீரலை இரண்டாக வெட்டி என்னிடம் காட்டினார். உள்ளே சவ்வரிசியை அவித்துக் கொட்டியது போல மணி மணியாகக் கண்ணாடிப் பொட்டுகள். அதன்மேல் அயடீனை ஊற்றினார். மணிகள் மட்டும் கடும் பழுப்பாகின. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. இருந்த இடம் சரியில்லை என்பதால் அடக்கிக்கொண்டேன்.

"அயடீன் பட்டு நிறம் மாறுது எண்டதால மாப்பொருள் எண்டு நினைச்சு அந்தக் காலத்தில பேர் வைச்சிட்டாங்கள்," என்றார். "இது மாப்பொருள் இல்லை. புரதம். இந்தப் பொம்பிளையைச் சுவாசப்பை கொல்லேல்லத் தம்பி. சுவாசப்பையில இருந்த சீழை எதிர்க்க உடம்பு செய்த சாமான்தான் கொன்றது."

அன்று அவருக்குத் தெரிந்ததைவிட இன்று உங்கள் பாடப்புத்தகத்தில் கூடுதலாக இருக்கிறது. உடம்பில் எங்காவது தீராத சீழ் இருந்தால், ஈரல் ஒரு புரதத்தை அளவுக்கு மிஞ்சிச் செய்துகொண்டே இருக்கும். இரத்தத்தில் அது கரைந்துதான் ஓடும், ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் வருடக்கணக்கில் இப்படி ஓடும்போது அதன் துண்டுகள் சில மடிய வேண்டிய விதத்தில் மடியாமல், பிழையாக மடிந்துவிடும். பிழையாக மடிந்தது பிழையாக மடிந்ததோடு போய் ஒட்டும். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி நூலாகும், நூல் சேர்ந்து படிவாகும். உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. சிறுநீரகத்தில் போய்ப் படிந்தால், சிறுநீரகம் ஓட்டை விழுந்த சல்லடையாகி நல்ல புரதத்தை எல்லாம் சிறுநீரில் விட்டுவிடும். மனிதன் வீங்குவான். பிறகு சிறுநீரகமே நின்றுவிடும். இதில் என்னைத் தூக்கிப் போட்டது என்னவென்றால், காய்ச்சல் இல்லை, வலி இல்லை, உயிருள்ள கிருமி ஒன்றுகூட அந்தப் படிவில் இல்லை. எதுவும் செய்யாமல் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டே ஆளைக் கொல்கிறது.

இனி ஹனீபா நானாவுக்கு வருகிறேன். மாத்தளை நகரத்தில் தையற்கடை வைத்திருந்தார், ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தார். என் வெள்ளைக் கோட்டைத் தைத்தவர் அவர்தான். பரம்பரை பரம்பரையாக மாத்தளையிலேயே இருந்த குடும்பம். வாலிப வயதில் சைக்கிளோடு பாதையோரத்து மதகுப் போக்கு ஒன்றுக்குள் விழுந்து இடது காலின் முன் எலும்பு உடைந்து, தோலைக் கிழித்து வெளியே வந்ததாம். அன்றிலிருந்து அந்த எலும்பில் சீழ். இரண்டு தடவை எலும்பைச் சுரண்டிப் பார்த்தார்கள், பெனிசிலின் அடித்தார்கள், சில மாதம் மூடும், மறுபடி திறக்கும். அவரும் அதோடு வாழப் பழகிவிட்டார். கடையில் மிஞ்சும் வொயில் துணித் துண்டுகளை அவித்துக் காயவைத்து, காலையில் ஒன்று மாலையில் ஒன்றாகத் தானே கட்டிக்கொள்வார். "வாடிக்கையாளர் நாலு பேரு வராட்டியும் இவன் தவறாம வாறான்," என்று அந்தப் புண்ணைக் காட்டிச் சிரிப்பார்.

அந்த வருடம் அவர் முகம் காலையில் ஊதிக்கிடக்கத் தொடங்கியது. இரண்டு காலும் வீங்கின. வாட்டில் சேர்த்தார்கள். சிறுநீரைக் குழாயில் விட்டுச் சூடாக்கினேன்; முட்டை வெள்ளைக்கரு போலக் குழாய் முழுவதும் இறுகிவிட்டது. எனக்குப் பல்லேகமப் பெண்ணின் மண்ணீரல்தான் கண்ணுக்கு முன் வந்தது.

சத்திரசிகிச்சை டொக்டர் சிங்களவர், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவர். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "இது அமைலாய்ட் என்றால், அந்தக் கால்தான் அதற்குத் தொழிற்சாலை. காலை எடுத்தால் சரக்கு நிற்கும், சிறுநீரகம் தப்பலாம். அமைலாய்ட் இல்லாமல் வேறு சிறுநீரக வியாதி என்றால், காலை எடுத்து ஒரு பிரயோசனமும் இல்லை. இந்த நிலையில் ஒப்பரேஷனே ஆளைக் கொன்றுவிடும். சந்தேகத்துக்காக நான் ஒருவர் காலை வெட்டமாட்டேன். உன் ஸ்லைட் சொல்லட்டும்."

பாருங்கள், பாரம் எங்கே வந்து இறங்கியது என்று. ஒரு பக்கம் கால், ஒரு பக்கம் உயிர். நடுவில் நான் சீவும் ஒரு சீவல்.

மலக்குடலின் உட்சுவரிலிருந்து ஒரு சிறு துண்டு சதை எடுத்துப் பார்ப்பதுதான் அப்போது வந்திருந்த நல்ல வழி. ஹனீபா நானாவுக்கு அதைச் சொன்னதும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"காலைக் காட்டுங்கண்டு சொன்னாங்க, காட்டினேன். மூத்திரம் தாங்கண்டாங்க, குடுத்தேன். இதுக்கும் சரிண்டு சொல்றேன் தம்பி, ஆனா ஒருக்காத்தான். இன்னொருக்காக் கேட்டா, நான் மௌத்தாகிப் போனாலும் சரி, இந்தக் கட்டில்ல ஏறமாட்டேன்."

ஆகவே என் கையில் இருந்தது அரிசி மணி அளவு சதை, ஒரே ஒரு துண்டு.

அமைலாய்டைப் பார்க்கக் கொங்கோ சிவப்பு என்ற சாயம் போட வேண்டும். அதைப் பிடித்துக்கொள்ளும் படிவு இளஞ்சிவப்பாகும். அது மட்டும் போதாது. ஒளியை ஒரே திசையில் மட்டும் விடும் இரண்டு கண்ணாடிகளை, ஒன்றைக் கீழேயும் ஒன்றை மேலேயும் வைத்து, பார்வை இருட்டாகும்வரை திருப்பிப் பார்த்தால், அந்தச் சிவப்பு பச்சையாக ஒளிரும். அப்படிப் பச்சை காட்டினால்தான் அமைலாய்ட். அந்தக் கண்ணாடிகளைக் கொழும்புக்கு எழுதிக் கேட்டால் ஆறு மாதமாகும். எங்கள் அம்புலன்ஸ் ட்ரைவர் பண்டாவிடம், கப்பலில் வேலை செய்யும் மச்சான் கொண்டுவந்து கொடுத்த கறுப்புக் கண்ணாடி ஒன்று இருந்தது. அது அந்த வகைக் கண்ணாடிதான் என்று ஒருநாள் அதை வாங்கிப் போட்டுப் பார்த்தபோதே கண்டுபிடித்து வைத்திருந்தேன். கெஞ்சி வாங்கினேன். கழற்றும்போது பிறேம் உடைந்துவிட்டது. பண்டா என்னோடு மூன்று நாள் பேசவில்லை.

அந்த மெழுகுக் கட்டியை நான் வெட்டிய விதம் இருக்கிறதே, இன்றும் கண்ணை மூடினால் தெரிகிறது. முதலில் முகப்பைச் சமப்படுத்த நாலைந்து முரட்டுச் சீவல். அதைக் குப்பையில் போடுவதுதான் வழக்கம். அடுத்த திங்கட்கிழமை மூன்று பேர் பயிற்சிக்கு வருவதாக இருந்ததால், அதில் ஒன்றைக் குற்றவாளிப் பெட்டிக்கென்று எடுத்து ஒரு கண்ணாடியில் ஒட்டி வைத்தேன். பிறகு நல்ல சீவல்கள். மூன்று மைக்ரோன், ஒரே நாடாவாக, ஒரு சுருக்கம் இல்லை. மனம் நிறையவில்லை, இன்னும் நல்லது வரும் என்று வெட்டிக்கொண்டே போனேன். கடைசியில் நிமிர்ந்து பார்த்தபோது சதை முடிந்து வெறும் மெழுகு நின்றது. அரிசி மணி முழுவதையும் என் பெருமை தின்றுவிட்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டியில் சாயம் போட்டேன். வியாழக்கிழமை டொக்டர் வந்தார். நல்ல ஸ்லைட்டுகளை மட்டும்தான் அவர் முன்னால் வைத்தேன். முரட்டுச் சீவலை அவருக்குக் காட்டுவேனா? லாச்சியில் கிடந்தது. அவர் நெடுநேரம் பார்த்தார். பண்டாவின் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெட்டு எண்டால் இதுதான் வெட்டு," என்றார். பிறகு, "ஆனால் ஒண்டும் இல்லைத் தம்பி. வெறும் சதை."

அமைலாய்ட் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ஹனீபா நானாவுக்கு இல்லை என்ற செய்தி என் காதில் விழுவதற்கு முன்னால், என் வெட்டைப் புகழ்ந்த சொல்தான் விழுந்தது. அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சத்திரசிகிச்சை டொக்டர் அறிக்கையைப் பார்த்தார். கால் வெட்டத் தேவையில்லை. வேறு வைத்தியம் என்று பெரிதாக எதுவும் அந்த நாளில் இல்லை. உப்பைக் குறைத்துச் சாப்பிடுங்கள் என்று சொல்லி, சனிக்கிழமை காலை வாட்டிலிருந்து பெயர் வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹனீபா நானா கலேவெலயில் மகள் வீட்டுக்குப் போவதாக முடிவு. அங்கே ஒரு சிங்கள நாட்டு வைத்தியரின், வெதமாத்தயாவின், கசாயம் குடிக்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் போனால் திரும்பி வரமாட்டார் என்பது வாட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை நான் குற்றவாளிப் பெட்டி வேலையில் இருந்தேன். திங்கட்கிழமை வருகிறவர்களுக்குத் திட்டு எழுத வேண்டுமே! "இது சீவலா, கூரைத் தகரமா?" என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, பசை தடவி, ஒட்டுவதற்கு முன் மையம் சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று அந்த முரட்டு ஸ்லைட்டை நுணுக்குக்காட்டியில் வைத்தேன். பண்டாவின் கண்ணாடி இரண்டும் வியாழக்கிழமை பொருத்தியபடியே இருந்தன.

இருட்டுக்குள் பச்சை!

இரத்தக்குழாய்ச் சுவர்களைச் சுற்றி வளையம் வளையமாக, மழைக்குப் பிறகு வெற்றிலைக் கொழுந்தில் வெயில் பட்டது போல ஒரு பச்சை. நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். மறுபடி உட்கார்ந்தேன். கண்ணாடியைத் திருப்பினேன்: பச்சை போனது, இளஞ்சிவப்பு வந்தது. திருப்பினேன்: மறுபடி பச்சை. வாய்விட்டுக் கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை; கத்தினேன் என்று பக்கத்து மருந்து அறைக்காரர் பிறகு சொன்னார்.

எப்படி என்று ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. மூன்று மைக்ரோனில் இருக்கும் படிவு பிடித்துக்கொள்ளும் சாயம் கண்ணுக்குத் தெரியப் போதாது. ஒளியையும் அதனால் திருப்ப முடியாது. எட்டு, பத்து என்று தடிப்பாக வெட்டினால்தான் இது தன்னைக் காட்டும். நான் நோயை மெல்லியதாக்கி மெல்லியதாக்கி இல்லாமலே ஆக்கியிருக்கிறேன்.

சந்தோஷமும் பயமும் ஒன்றாக ஏறின. ஏனென்றால் அடுத்த எண்ணம் இது: தடித்த சீவலில் சாயம் சரியாகக் கழுவுப்படாமல் பொய்யாகவும் நிற்கும். இது மெய்ப் பச்சையா, பொய்ப் பச்சையா? பொய் என்றால், நான் இப்போது ஓடிப்போய்ச் சொல்லும் சொல்லால் ஒரு தையற்காரர் கால் சும்மா போகும். சரிபார்க்க ஒரு வழி இருந்தது. நோயில்லாத ஒருவரின் சதையை இதே தடிப்பில் வெட்டி, இதே தொட்டியில் சாயம் போட்டுப் பார்க்க வேண்டும். போன மாதத்துக் குடல்வால் சதையைப் புதைத்த மெழுகுக் கட்டி ஒன்று அலுமாரியில் இருந்தது. ஆனால் அதற்கு ஒன்றரை மணித்தியாலமாவது ஆகும். வாட்டுக்கு ஓடினேன். கட்டில் காலி. "அவங்க போய் அரை மணித்தியாலமாச்சு, பஸ்ஸுக்கு," என்றார் வாட்டுத் தாதி மிஸ்ஸி. சத்திரசிகிச்சை டொக்டர் ஒப்பரேஷன் தியேட்டருக்குள். கண்டிக்கு ட்ரங்க் கோல் கேட்டால் எப்போது கிடைக்குமோ தெரியாது.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் நிற்கப் போகிறீர்கள், இன்றில்லாவிட்டால் என்றாவது. நிச்சயமில்லாததைச் சொல்லக்கூடாது என்று உங்களுக்குப் படிப்பிக்கிறார்கள், அது சரி. நிச்சயமாகும்வரை ஒன்றும் செய்யக்கூடாது என்று அதற்குப் பொருள் இல்லை. திரும்பி வராதபடி போகிறதை முதலில் பிடித்து நிறுத்து. பிறகு உட்கார்ந்து சரிபார். அன்று இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் கால் முதலில் கண்டுபிடித்து அம்புலன்ஸ் கொட்டிலுக்கு ஓடிவிட்டது.

பண்டா இன்னும் கோபத்தில்தான் இருந்தார். "மாத்தயா, கண்ணாடி இல்லாம வெயில்ல எனக்கு ஓட்ட ஏலாது," என்று தனக்குத் தெரிந்த தமிழிலேயே சொன்னார்.

"ஒங்க கண்ணாடியிலதான் பண்டா, அந்த ஆளுக்கு என்னன்னு தெரிஞ்சிருக்கு! பஸ்ஸப் புடிச்சிட்டா ஒங்களுக்கு ரெண்டு கண்ணாடி வாங்கித் தாறேன்."

பஸ் ஸ்டாண்டில் கலேவெல பஸ் போய்விட்டிருந்தது. தம்புள்ளைப் பாதையில் விட்டோம் வண்டியை. பண்டா ஒரு கையை நெற்றியில் குடையாகப் பிடித்து, மறுகையால் ஓட்டினார். மணி அடித்ததற்கு மாட்டு வண்டிகள் விலகின, சைக்கிள்கள் விலகின, ஒரு கல்யாணக் கார் விலகியது. அலுவிஹாரை தாண்டி ஒரு வளைவில் பஸ்ஸைக் கண்டோம். பண்டா அதைத் தாண்டிப் போய்க் குறுக்கே நிறுத்தினார். கொண்டக்டர் இறங்கி வந்து கத்தியதை நான் காதில் வாங்கவில்லை.

ஹனீபா நானா யன்னலோரம், இடது காலைத் துணி மூட்டைமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி பரீதா ராத்தா. பஸ்ஸே என்னைப் பார்த்தது.

"நானா, இறங்குங்க. நாங்க குடுத்த ரிப்போட் பிழையா இருக்கலாம்."

பரீதா ராத்தாவுக்குக் கோபம் வந்தது, வரத்தானே வேண்டும். "நேத்து ஒண்ணுமில்லண்டீங்க. இன்னைக்கு இறங்குண்டுறீங்க. நாங்க என்ன, கடையில தொங்குற உடுப்பா, எடுத்தெடுத்து மாட்ட?"

"பிழை என்னோடது ராத்தா. நான்தான் வெட்டுனேன்."

ஹனீபா நானா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எனக்கு என்ன வருத்தம்?"

சொல் நாக்கு நுனியில் நின்றது. கண்ணில் பச்சை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது. விழுங்கினேன். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலை எது என்று கேட்டால் அந்த விழுங்கலைத்தான் சொல்வேன்.

"தெரியாது நானா. ரெண்டு மணித்தியாலம் குடுங்க. அதுக்குப் பொறகும் தெரியாட்டி, இதே வண்டியில ஒங்கள கலேவெலயில கொண்டுபோய் விடுறோம்."

அவர் மூட்டையை எடுத்தார். "இறங்கு பரீதா. நான் பிழை செஞ்சிட்டேண்டு சொல்லிக்கிட்டு ஒருத்தன் பஸ்ஸுக்குப் பின்னால வந்தத நான் இதுவரைக்கும் கண்டதில்ல."

திரும்பி வந்து குடல்வாலை முரட்டுத்தனமாக வெட்டினேன். வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டுமென்றே தடிப்பாக! கை மறுத்தது. அதே சாயம், அதே நேரம், அதே கழுவல். பண்டாவின் கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். நார்கள் வெள்ளையாகப் பளபளத்தன, அவ்வளவுதான். எங்கே தேடியும் பச்சை இல்லை. ஹனீபா நானாவின் ஸ்லைட்டை வைத்தேன். பச்சை. மாற்றி மாற்றி வைத்தேன். ஏழு தடவையோ எட்டுத் தடவையோ. அதற்குப் பிறகுதான் கண்டிக்கு ட்ரங்க் கோல் கேட்க ஓடினேன்.

ட்ரங்க் கோல் கிடைத்ததும் நோயியல் டொக்டர் தன் காரிலேயே வந்துவிட்டார், பகல் சாப்பாட்டை விட்டுவிட்டு. இரண்டு ஸ்லைட்டையும் பார்த்தார். நிமிரவில்லை.

"இது எத்தினை மைக்ரோன்?"

"பத்துக்கு மேல இருக்கும் சேர். குப்பைக்குப் போக வேண்டியது."

"வியாழக்கிழமை எனக்கு வைச்சது?"

"மூணு."

அவர் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார். "தடிப்பாய் வெட்ட வேணும் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. எனக்குத் தெரியும்! உம்மட வெட்டைப் பாத்து மயங்கி, எத்தினை எண்டு கேக்க மறந்திட்டன். உமக்குக் கை பிழை, எனக்கு வாய் பிழை."

பிறகு பழைய அறிக்கையை எடுத்து, அதன் குறுக்கே கோடு போட்டு, முந்திய முடிவு பிழை, அமைலாய்ட் உண்டு என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். காரணம் என்று ஒரு சொல் எழுதவில்லை. என் பெயரையும் இழுக்கவில்லை. ஏன் சேர் என்று கேட்டேன். "காரணம் நோயாளிக்குத் தேவையில்லை. அது எங்கட ரெண்டு பேருக்கும்தான் தேவை," என்றார்.

அன்று மாலையே சத்திரசிகிச்சை டொக்டர் ஹனீபா நானாவின் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். முழங்காலுக்கு மேலே வெட்ட வேண்டும். வெட்டினாலும் சிறுநீரகம் தப்பும் என்று உறுதி சொல்ல முடியாது. வெட்டாவிட்டால் ஆள் தப்பமாட்டார் என்பது உறுதி. ஹனீபா நானா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வெட்டின கால எனக்குத் தாங்க. எரிக்க வேணாம், எறிய வேணாம். எங்க மையவாடியில அடக்கணும். என் உடம்புதானே அது."

சரி என்றார்கள். மறுநாள் காலை நான் வாட்டுக்குப் போனபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்துத் தன் இடது காலை அளந்துகொண்டிருந்தார். தொடை, முழங்கால், குதிகால். பரீதா ராத்தா கடையிலிருந்து வெள்ளைத் துணி கொண்டு வந்திருந்தார். நானா அதை மடியில் விரித்து, அளவு குறித்து, தானே வெட்டினார். அவர் கத்தரிக்கோல் ஒரு இடத்திலும் தயங்கவில்லை. நான் வெளியே வந்து அழுதேன்.

செவ்வாய்க்கிழமை அந்தக் காலை வெட்டி எடுத்தார்கள். அந்த வெள்ளைத் துணியில் சுற்றி, பள்ளிவாசலிலிருந்து வந்த இரண்டு பேரிடம் கொடுத்தார்கள். பண்டாதான் வண்டியில் கொண்டுபோனார். அதற்கு மணி அடிக்கவில்லை.

கால் போனால் சிறுநீர் தெளிந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். தெளியவில்லை! ஒரு மாதம் கழித்தும் குழாய் அப்படியே வெள்ளைக்கருவாக இறுகியது. இரண்டாவது மாதமும் அப்படித்தான். பயம் என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் பச்சை பொய்யோ? ஒரு மனிதர் காலை நான் மண்ணில் புதைத்துவிட்டேனோ? வியாழக்கிழமை டொக்டரிடம் புலம்பினேன். "பைப்பைப் பூட்டின உடன முற்றம் காயுமோ? படிஞ்சது கரைய நாள் எடுக்கும். பொறும்," என்றார். சொன்னாரே தவிர, அவரும் வந்தவுடன் முதலில் கேட்பது ஹனீபா நானாவின் குழாயைத்தான்.

அவர் கடைக்குத் திரும்பிவிட்டார். மெசின் மிதிக்க வலது கால் போதும் என்று சொல்லிக்கொண்டார். மாதமொருமுறை கைத்தடியை அக்குளில் கொடுத்து என் அறை வாசலுக்கு வருவார், சிறுநீர்ப் போத்தலைக் கொடுப்பார், மர வாங்கில் உட்காருவார். நான் முடிவைச் சொல்வேன். தலையாட்டுவார், போவார். அந்த வாயாடி மனிதர் வெட்டிய காலைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. ஐந்தாவது மாதம் குழாயில் வெள்ளைக்கரு பாலாகியது. எனக்குத் துள்ள வேண்டும் போலிருந்தது. ஒன்பதாவது மாதம் பால் கலங்கலாகியது. முகத்தின் ஊத்தம் வற்றியது.

ஒரு வருடம் முடிந்த ஒரு காலை. குழாயைச் சூடாக்கினேன். கொதித்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு துளி அமிலம் விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பிழையான போத்தலோ என்று பெயரைப் பார்த்தேன். அவர் போத்தல்தான். மறுபடி புதிதாக எடுத்துச் சூடாக்கினேன். தண்ணீர் மாதிரித் தெளிவாக, கொதித்துக்கொண்டு நின்றது. அப்படியே குழாயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"நானா! ஒண்ணும் இல்ல நானா! பாருங்க, ஒண்ணுமே இல்ல!"

அவர் எழும்பவில்லை. குழாயையும் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு வருஷமா ஒங்கக்கிட்டக் கேக்காம வெச்சிருந்தேன் தம்பி. இப்பக் கேக்குறேன். அந்தக் கால் வீணாப் போகல்லதானே?"

"இல்ல நானா. வீணாப் போகல்ல."

அப்போதுதான் அவர் கையை நீட்டினார். சுடும் என்றேன். பரவாயில்லை என்று வாங்கி, வேட்டியின் ஓரத்தால் பிடித்து, யன்னல் வெளிச்சத்துக்கு நேரே வைத்துப் பார்த்தார். அது முழுவதும் ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.